மூலத்தில் எழுதாதே

டிஸ்க் சத்தம் போடுவதை நிறுத்தியிருந்தது. திரையில் நகலான அளவைச் சொல்லும் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

காபிக் கோப்பையோடு சமையலறை மேசைக்குத் திரும்பிய எய்விண்ட் அதை முதலில் காதால்தான் உணர்ந்தான். காலையிலிருந்து அந்த டிஸ்க் டக், டக் என்று ஒரே பாட்டு. கொஞ்சம் மூச்சு வாங்கும், மறுபடி டக். அந்தச் சத்தத்தோடேயே அவன் பாத்திரம் கழுவினான், மகள் சிக்னேயின் கம்பளிக் காலுறைகளை விறகடுப்புக்கு மேலே காயப்போட்டான், முதல்நாள் மீதியிருந்த மீன் வடையைச் சுடவைத்து அவளுக்குக் கொடுத்தான். இப்போது வீட்டில் காற்றின் இரைச்சல் மட்டும்தான். வடக்கிலிருந்து வந்த புயல் கூரைத் தகட்டை விடாமல் பிறாண்டிக்கொண்டிருந்தது. வெளியே நண்பகல். ஆனால் டிசம்பரில் இந்தக் கடலோரத்தில் நண்பகலிலும் ஒரு மண்ணும் தெரியாது. மலைகளுக்கு நடுவே நுழைந்து கிடக்கும் ஃபியோர்டுக் கடலுக்கு மேலே நீலமாக ஏதோ கொஞ்ச நேரம் வந்து போகும். இன்று அதுவும் வரவில்லை.

அவன் விரல் நுனியை டிஸ்க்கின் முதுகில் வைத்தான். ஓடுகிற டிஸ்க் லேசாக அதிரும், கதகதவென்று இருக்கும். இது சில்லென்று, செத்த மீனாகக் கிடந்தது. அடியில் மேசைமேல் வட்டமாக ஈரம். விரலை முகர்ந்து பார்த்தான். உப்பும் கடற்பாசியும் கலந்த வாடை. கழுவிக் காயவைத்து மாதக்கணக்கான பொருளில் இன்னும் எப்படி வாடை அடிக்கும்?

காபிதான் சிந்தியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். காபியில் உப்பு வாடை அடிக்குமா என்ற கேள்வியை அவன் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

அது அவன் மனைவி யோருனின் லேப்டாப்பில் இருந்த டிஸ்க். பிப்ரவரியில் ஒரு புயல் நாளில், பனி வாரும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் போன கார்களில் அவளுடையதும் ஒன்று. சாலை திரும்பிய இடத்தில் மற்ற கார்கள் எல்லாம் திரும்பின, அவளுடைய கார் திரும்பவில்லை. கடலிலிருந்து காரை எடுத்தபோது பின்சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அந்த லேப்டாப் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. எதை எடுத்தாலும் பத்திரமாக வைக்கிற பெண் அவள். அவளைத்தான் யாரும் பத்திரமாக வைக்கவில்லை.

அதற்குள்ளே அவள் குரல் இருந்தது. ஆஸ்பத்திரியில் இரவு வேலை விழும் நாட்களுக்காகச் சிக்னேயைத் தூங்கவைக்கும் கதையை அவளே பேசிப் பதிவுசெய்து வைத்திருந்தாள். போன வாரம் சிக்னே பல் துலக்கிக்கொண்டே, "அப்பா, அம்மா குரல் எப்படி இருக்கும்? சன்னமாவா, கட்டையாவா?" என்று கேட்டாள். ஆறு வயதுப் பிள்ளை. பத்து மாதத்தில் அவளுக்கு மறந்துகொண்டு வந்தது. எய்விண்ட் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

இந்த வேலை அவனுக்குப் புதிதில்லை, சொல்லப்போனால் இதுதான் அவன் பிழைப்பு. மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேரும் பழைய கம்ப்யூட்டர்களைத் திறந்து, உள்ளே இருக்கும் டிஸ்க்கை முழுதாக நகலெடுத்து வைப்பான். ஃபைல் ஃபைலாக அல்ல. முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை, அழித்தது, காலியாய்க் கிடப்பது எல்லாம் சேர்த்து ஒரே பிம்பமாக. அதற்கு அவன் பயன்படுத்தும் மென்பொருள் கருவிகளை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. எந்தெந்த ஊரிலோ இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல் எழுதி, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவை. ஒளிவுமறைவு இல்லாத கருவிகள். அதனாலேயே அவனுக்கு அவற்றின்மேல் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக்கை.

இந்த வேலையில் சேர்ந்த எவருக்கும் முதல் நாளே சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு: மூலத்தில் எழுதாதே. எதிலிருந்து எடுக்கிறோமோ அது மூலம், அதில் ஒரு புள்ளிகூட மாறக்கூடாது. அதற்காகவே டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வைப்பார்கள். அது படிக்க விடும், எழுத விடாது. அலுவலகத்தில் அதைப் பூட்டு என்றுதான் சொல்வார்கள். மூலத்தின் மேல் சிவப்பு நாடா, நகலின் மேல் பச்சை நாடா. கை தவறி இரண்டையும் மாற்றிப் போட்டவர்களின் கதைகள் உணவு இடைவேளையில் சொல்லிச் சிரிக்கப்படும், அந்தச் சிரிப்பில் எப்போதும் கொஞ்சம் பயம் இருக்கும்.

அடிபட்ட டிஸ்க்குக்கென்றே ஒரு கருவி உண்டு. அது முதலில் நல்ல இடங்களை அள்ளிக்கொண்டு, காயம்பட்ட இடங்களைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடம் எழுதி வைக்கும். பிறகு அந்த வரைபடத்தைப் பார்த்து, விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். என்ன செய்தும் படிக்க முடியாத இடத்தில் வெறும் பூஜ்யங்களைப் போட்டு நிரப்பிவிடும். யோருனின் டிஸ்க்கில் நல்ல இடங்கள் எல்லாம் நேற்றே வந்துவிட்டன. இப்போது நடப்பது சுரண்டல்.

திரையில் வரைபடம் கட்டம் கட்டமாக விரிந்திருந்தது. காலையில் நடுவில் பெரிய கறுப்புத் தீவாக இருந்த காயம் இப்போது கையகலமாகச் சுருங்கியிருந்தது. அவன் பார்க்கும்போதே ஒரு கட்டம் கறுப்பிலிருந்து பச்சையானது. மூலத்திலிருந்து படிக்கப்பட்டது என்றது கருவி.

ஓடாத டிஸ்க்கிலிருந்து.

மேசையில் போன் அதிர்ந்ததில் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குன்வோர், யோருனின் அக்கா.

"என்ன தம்பி, உயிரோடதான் இருக்கியா? ரோட்ட மூடிட்டானுங்க. பனி வாரும் வண்டி வந்தாதான் விடுவானாம். அரை நாளா வரிசையில நிக்கிறேன், உனக்காக இல்ல, புள்ளைக்காக. வாஃபிள் சுட்டு எடுத்துட்டு வந்தேன், அது கல்லாப் போச்சு."

"மெதுவா வாங்கக்கா. அவசரம் ஒண்ணும் இல்ல."

"இன்னும் அந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டுத்தான் அழுவுறியா? விட்டுத்தொலைடா. செத்தவ செத்தவதான். உனக்குச் சோறு பொங்கிப் போட அதுலேர்ந்து எந்திரிச்சு வரப்போறாளா?" மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி, அவகிட்ட குடு."

அவன் போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனான். சிக்னே தரையில் கவிழ்ந்து படுத்து வரைந்துகொண்டிருந்தாள். குன்வோரின் குரல் போனிலிருந்து அறைமுழுக்கக் கேட்டது. "என்னடி குட்டிக் கழுதை, பெரியம்மாவ மறந்துட்டியா?"

சிக்னே போனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "யாருப்பா இது?"

"பாத்தியா, பாத்தியா! கொழுப்பு! ஒங்க அம்மாவும் இப்படித்தான் என்னைக் கிண்டல் பண்ணியே கொல்லுவா." குன்வோர் பெரிதாகச் சிரித்தாள். எய்விண்டும் சிரித்தான். சிக்னே சிரிக்கவில்லை. தெரியாத வீட்டு வாசலில் நிற்கும் பிள்ளையின் முகத்தோடு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

சமையலறைக்கு வந்தபோது மேலும் மூன்று கட்டங்கள் பச்சையாகியிருந்தன.

பிள்ளைகள் விளையாடும், அதற்கென்ன. அவன் உட்கார்ந்து, வந்தவரைக்கும் போதும் என்று நகலிலிருந்து அந்தப் பதிவை ஒலிக்கவிட்டான். நேற்றுவரை அது கந்தலாக இருந்தது. ஒரு சொல், பிறகு நீண்ட மௌனம், பாதிச் சொல், மௌனம். இன்று ஸ்பீக்கரில் யோருன் தொண்டையைச் செருமினாள். அவன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டான்.

கதை ஒரு கடல்நாய்க் குட்டியைப் பற்றியது. பனிக்கட்டிக்கு அடியில் நீந்தப் போன குட்டி, மூச்சுவிட வைத்திருந்த துளையைத் தொலைத்துவிடும். மூக்கால் முட்டி முட்டித் தேடும். "இங்கயா?" என்று யோருன் கேட்பாள், கேட்டு நிறுத்துவாள். "இங்க இல்ல" என்று சிக்னே சொல்ல வேண்டும். கடைசியில் குட்டி துளையைக் கண்டுபிடிக்கும்போது இருவரும் சேர்ந்து "இங்கதான்!" என்று கத்துவார்கள். எத்தனை தடவை இந்த வீடே அந்தக் கத்தலில் அதிர்ந்திருக்கிறது.

"இங்கயா?" என்றது ஸ்பீக்கர். சன்னமும் இல்லை கட்டையும் இல்லை, வேலை முடிந்து வந்தவளின் லேசாகக் கரகரத்த குரல். அவள்தான். அவளேதான். எய்விண்டின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது, துடைக்கத் தோன்றவில்லை. குரல் போய்க்கொண்டே இருந்தது, ஓட்டை இல்லாமல், முன்பு மௌனம் இருந்த இடத்திலெல்லாம் சொல் இருந்தது. அப்படி ஒரு இடத்தில், கதையின் நடுவில், அதே குரலில் அவள் சொன்னாள்:

"பல்ல டம்ளர் தண்ணில போட்டுட்டுப் படுத்துக்கிட்டேன். அப்பா வந்து காசு போட்டப்போ நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். தூங்குற மாதிரி நடிச்சேன்."

பிறகு கதை தொடர்ந்தது.

அடுப்பில் ஒரு விறகு வெடித்தது. சிக்னேயின் முதல் பல் போன வாரம்தான் விழுந்தது. யோருன் கடலுக்குள் போய் மாதங்கள் ஆனபிறகு. விழுந்த பல்லைத் தண்ணீரில் போட்டுவைத்தால் இரவில் அது காசாகிவிடும் என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளின் நம்பிக்கை. அன்று அவன் பூனை மாதிரி நடந்துபோய் டம்ளரில் காசைப் போட்டான், பிள்ளை கண்ணை மூடிக் கிடந்தாள். முழித்திருந்தாள் என்பது அவனுக்கே தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

"சிக்னே," என்று கூப்பிட்டான். எழுந்து போனான்.

"சிக்னேக்குட்டி, உனக்குப் பல்லு விழுந்துச்சே, என்னைக்கு?"

"எந்தப் பல்லு?"

அவள் நாக்கு தானாகவே முன்னால் வந்து அந்த இடைவெளியைத் தொட்டது. தொட்ட இடத்தில் பல் இல்லை என்று அப்போதுதான் தெரிந்ததுபோல அவள் முகம் மாறியது. பயந்துபோய் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "அப்பா, இங்க ஒண்ணும் இல்ல."

அவன் குனிந்து அவள் வரைந்ததைப் பார்த்தான். வீடு. அடுப்பு. ஜன்னல். ஜன்னலுக்குள்ளே மூன்று பேர். மூன்று பேருக்கும் முகம் வெறும் வெள்ளையாக விடப்பட்டிருந்தது.

"இது யாரு?"

"தெரியல."

"இது என்ன கலர் பென்சில்?"

அவள் கையிலிருந்த சிவப்புப் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சமையலறையிலிருந்து, ரொம்ப மெதுவாக, ஒரு கட்டம் மாறும்போது கருவி போடும் சின்னச் சத்தம் வந்தது. அவள் வாய் திறந்து, திறந்தபடியே நின்றது.

அவன் ஓடினான். நிறுத்தும் விசையை அழுத்தினான். கருவி நின்றதாகச் சொன்னது, எண் ஏறியது. கேபிளைப் பிடுங்கினான். எண் ஏறியது. கம்ப்யூட்டரை அப்படியே அணைத்தான். திரை கறுத்தது, அதில் அவன் முகம் தெரிந்தது. முன்னறையில் பென்சில்கள் உருண்டு விழும் சத்தம். எட்டிப் பார்த்தான். சிக்னே பென்சிலை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் முழங்கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டான். அணைந்திருந்த நேரத்திலும் எண் ஏறியிருந்தது.

கருவியின் உள்ளே திறந்து பார்த்தான். எங்கிருந்து படிக்கிறது என்று சொல்லும் வரிகள் அவனுக்கு மனப்பாடம், ஒருமுறை அவனே ஒரு பிழையைத் திருத்தி அனுப்பியிருக்கிறான். எல்லாம் அப்படியே இருந்தன. அதில் ஒரு களவும் இல்லை. மூலம் என்று எதைக் காட்டினோமோ அதிலிருந்து எடு, அவ்வளவுதான். கருவிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. யோருன் இரண்டு இடத்தில் இருந்தாள். ஒன்று உப்புத் தண்ணீரில் அழுகிவிட்டது. கருவி விடாமல் சுரண்டி, அடுத்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அந்தக் குரலை ஒவ்வொரு இரவும் கேட்டு உள்ளே வாங்கிவைத்திருந்த ஒரே ஆள்மேல் கைவைத்துவிட்டது. யோருனை மட்டும் பிரித்தெடுக்க அதற்குத் தெரியவில்லை. அதுதான் இந்த வேலையே. காலி இடம் உட்பட எல்லாவற்றையும் எடு.

"கடவுளே, என் புள்ள. என் புள்ளடா."

திருப்பிக் கொட்ட வேண்டும். எடுத்ததை எடுத்த வழியிலேயே. அவன் கை தானாக வேலை செய்தது. கேபிளை மறுபடி சொருகினான். கறுப்புப் பெட்டியைக் கழற்றித் தூக்கிப் போட்டான், பூட்டு தரையில் விழுந்து விளக்கு அணைந்தது. பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூட அவன் செய்யாத காரியம். கட்டளையில் முதலில் வருவது எங்கிருந்து, இரண்டாவது எங்கே. இரண்டையும் மாற்றி அடித்தான். பச்சை நாடாவிலிருந்து சிவப்பு நாடாவுக்கு. நகலிலிருந்து மூலத்துக்கு. இது மூலத்தை அழித்துவிடும், நிச்சயமா என்று கருவி கேட்டது. நிச்சயம் என்று அடித்தான்.

டக்.

டிஸ்க் உயிர்த்தது. டக், டக். விரலுக்கடியில் அதிர்ந்தது, சூடேறியது. வீட்டுக்குள் கடல் வாடை அலை அடித்த மாதிரி எழுந்தது.

"அப்பா!" முன்னறையிலிருந்து கீச்சென்று ஒரு கூப்பாடு. "அப்பா, இது சிவப்பு!"

அவன் போய் அவளைத் தரையோடு கட்டிக்கொண்டான். அவள் தலைமுடியில் மீன் வடையும் மெழுகுப் பென்சிலும் மணத்தன. "பெரியம்மா பேரு குன்வோர்," என்றாள். "நான் தூங்குற மாதிரிதான் நடிச்சேன், நீ கண்டேபுடிக்கல." "ஆமாடி, நான் மக்கு, கண்டேபுடிக்கல," என்று சொல்லிச் சொல்லி அவன் அழுதான். அவளும் சேர்ந்து அழுதாள், எதற்கென்று தெரியாமல். அவன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அவள் பிறந்த அன்றுகூட இல்லை.

"அடுப்ப இவ்வளவு எரிய விடாத, எய்விண்ட்," என்றாள் சிக்னே, அவன் தோளில் முகம் புதைத்தபடி. "விறகுக்கு யாரு காசு குடுக்கிறது?"

அவன் அழுகை நின்றது.

சிக்னே அவனை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மூன்றாவது பெயர். கட்டளையில் மூன்றாவதாக வரைபடத்தின் பெயரைத் தர வேண்டும். எந்தெந்த இடத்தில் எழுதலாம், எதைத் தொடக்கூடாது என்று கருவி அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். கொடுத்திருந்தால் சிக்னேயிடமிருந்து வந்த கட்டங்கள் மட்டும் திரும்பியிருக்கும். அவசரத்தில் அவன் அதை அடிக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யும் தவறு. அவன் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறான். வரைபடம் இல்லாவிட்டால் கருவி கேள்வி கேட்காது. முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை எழுதிக்கொண்டே போகும். முழு பிம்பத்தையும், யோருனையும் சேர்த்து.

அவளை விட்டுவிட்டு ஓடினான். டிஸ்க் கொதித்தது. தொட்ட விரல் பொசுங்கியது. நிறுத்தும் விசை. நிற்கவில்லை. கேபிள். நிற்கவில்லை. இறைச்சி உடைக்கும் சுத்தியை எடுத்து டிஸ்க்கின்மேல் போட்டான். தகடு நசுங்கியது. எண் ஏறியது.

"இங்கயா?" என்றது முன்னறையில் ஒரு குரல்.

லேசாகக் கரகரத்த குரல்.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஈரக் கால்களைப் பலகைத் தரையில் வைக்கும் சத்தம். சின்னக் கால்கள். சொத், சொத்.

"இங்கயா?"

அது பதிலுக்காக நின்றது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். சொல்லக்கூடாது. சொல்லாவிட்டால் கதை நகராது. சிக்னே கேட்கும்போது பதில் சொல்லாமல் அப்படித்தான் அவளை எத்தனையோ நாள் தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டியிருக்கிறான்.

முதுகில் ஒரு சில்லென்ற உள்ளங்கை. ஆறு வயது உள்ளங்கை.

"இங்கதான்."

அவன் திரும்பினான்.

சிக்னேயின் கம்பளிச் சட்டை. சிக்னேயின் பின்னல். பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகத்தைத் தூக்கி அவனைப் பார்த்து யோருன் சிரிக்கும் விதத்தில், ஒரு பக்கமாக, சிரித்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் மீதிக்கு முகம் இல்லை. இடது கண்ணுக்குக் கீழே கட்டம் கட்டமாக ஒன்றுமில்லை. காயம் இல்லை. இருட்டும் இல்லை. கடைசிவரை படிக்க முடியாமல் கருவி நிரப்பிவிட்ட வெறும் இடம். அதைப் பார்த்தால் கண் நிற்காமல் வழுக்கிப் போனது.

"இளைச்சுப் போயிட்டியே, எய்விண்ட்," என்றது அது, அன்பாக. "சாப்பிடுறியா இல்லையா?"

வெளியே மஞ்சள் வெளிச்சம் சுழன்று ஜன்னலைத் தடவிப் போனது. பனி வாரும் வண்டி. அதன் பின்னால் கார்கள், வரிசையாக. ஒன்று மட்டும் பிரிந்து வீட்டுப் பக்கம் திரும்பியது. கதவு அறையும் சத்தம். வாசலில் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே ஒரு உரத்த குரல்.

"கதவத் தொறடா! கையெல்லாம் வெறச்சுப் போச்சு! எங்கடி என் குட்டிக் கழுதை? ஓடி வா, பெரியம்மா வந்திருக்கேன்!"

அது தலையைத் திருப்பியது. முழு முகமும் மலர்ந்தது, இருந்தவரைக்கும்.

"அக்கா," என்றது. "அக்கா வந்துட்டா."

சொத், சொத் என்று வாசலுக்கு ஓடியது. எய்விண்ட் கத்த வாயைத் திறந்தான். அப்போதுதான் ஸ்பீக்கர் இரைந்தது. கேபிள் எதிலும் சொருகாமல், நசுங்கிய டிஸ்க்குப் பக்கத்தில் மேசைமேல் கிடந்த கம்ப்யூட்டரில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே, ரொம்ப ஆழத்தில், எதன்மேலோ எதுவோ முட்டும் சத்தம். முட்டிவிட்டு நகர்ந்து, மறுபடி முட்டும் சத்தம். பிறகு பல் போன ஓட்டையில் காற்று விசிலடிக்க, ஒரு சின்னக் குரல்.

"அப்பா? இங்கயா?"

வாசல் கதவின் தாழ்ப்பாள் திறந்தது.

"இங்க இல்ல," என்றது அந்தக் குரல், தனக்குத் தானே. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி முட்டியது.